மனப்பான்மை மதிப்பெண் உச்சத்தில், நடைமுறை மதிப்பெண் தரையில்: கோளாறு கேள்வித்தாளிலா, வார்டிலா?

மெரூன்_பட்டை, டர்பன், தென்னாப்பிரிக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நர்ஸிங் மாஸ்டர்ஸ் ஆய்வுக்கு உதவி வேண்டும். அரசு மாவட்ட மருத்துவமனை நர்ஸ்கள் ஆதாரம் சார்ந்த பணியையும் (ஆராய்ச்சி முடிவுகளைப் பார்த்துப் பராமரிப்பை முடிவுசெய்வது) நர்ஸிங் ஆராய்ச்சியையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. அப்டன் இருவர் 2006இல் வெளியிட்ட 24 கேள்வித் தாளை எடுத்திருக்கிறேன். முன்னோட்டமாகச் சிலரிடம் கொடுத்ததில் மனப்பான்மைப் பகுதியில் கிட்டத்தட்ட எல்லாரும் மேலே நிற்கிறார்கள், நடைமுறைப் பகுதியில் கீழே கிடக்கிறார்கள். "நல்ல மனப்பான்மை உண்டு, பயிற்சி தேவை" என்று எழுதி முடித்துவிடலாமா? எனக்கே அது சப்பென்று இருக்கிறது.

இன்னும் மூன்று சந்தேகம். ஆராய்ச்சியைப் பணியில் பயன்படுத்த நர்ஸ்களுக்கு உள்ள தடைகளை அளக்கும் பழைய கேள்வித்தாளையும் சேர்க்கலாமா? மொத்தம் 320 நர்ஸ்கள், எத்தனை பேரிடம் வாங்கினால் போதும்? அனுமதி எந்த வரிசையில் கேட்க வேண்டும்? முடிவு வந்தபின் ஒரு வார்டில் சின்ன மாற்றம் செய்து காட்டு என்கிறார் வழிகாட்டி. அதற்கு எந்தப் பொருள் தோதுப்படும் என்றும் சொல்லுங்கள்.

எண்ணும்_எழுத்தும்:

தங்கச்சி, "பயிற்சி தேவை" என்று இப்போதே எழுதிவிடாதே. முதலில் அந்தத் தாள் எதை அளக்கிறது என்று பிரித்துப் பார். 24இல் நடைமுறைக்கு 6, மனப்பான்மைக்கு 4, அறிவும் திறனும் 14. எல்லாம் 1 முதல் 7 வரை. ஆக மனப்பான்மை என்று நீ சொல்வது நாலே நாலு வரி.

அந்த நாலும் இரண்டு முனை வாக்கியங்கள். ஒரு முனையில் 'வேலைப்பளுவில் புதிய ஆதாரங்களைத் தொடர முடியவில்லை', மறு முனையில் 'அது முக்கியம் என்பதால் நேரம் ஒதுக்கிக்கொள்கிறேன்'. இது மனப்பான்மைக் கேள்வியா, ஆள்பற்றாக்குறைக் கேள்வியா? முப்பது கட்டில் வார்டில் இரண்டு பேர் நிற்கும் இடத்தில் கீழே டிக் செய்பவர் ஆராய்ச்சியை வெறுப்பவர் அல்ல, உண்மையைச் சொல்பவர். இன்னொன்று, 'இதெல்லாம் நேர விரயம்' என்பதா, 'தொழிலுக்கு அடிப்படை' என்பதா என்று கேட்கிறது. மேலதிகாரி கையால் விநியோகித்த தாளில் 'விரயம்' பக்கம் யார் டிக் போடுவார்? உன் மதிப்பெண் உச்சியில் போய் ஒட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அதனால் நாலையும் கூட்டி ஒரு எண்ணாக மட்டும் கொடுக்காதே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இடைநிலையும் கால்மான வீச்சும் போடு. வேலைப்பளு வரியைத் தனியே பேசு. பகுதிகளை ஒப்பிடும்போது மொத்தக் கூட்டலை வைக்காதே: நடைமுறை 6 முதல் 42 வரை போகும், மனப்பான்மை 4 முதல் 28 வரை, அறிவு 14 முதல் 98 வரை. ஒரு கேள்விக்குச் சராசரி எவ்வளவு என்று மாற்றின பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும். இதைச் செய்யாமல் 'அறிவே அதிகம்' என்று எழுதின ஆய்வேடுகள் உண்டு.

க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்: மூலத்தில் மொத்தத்துக்கு 0.87, நடைமுறைக்கு 0.85, மனப்பான்மைக்கு 0.79, அறிவுக்கு 0.91. நாலு கேள்விதான் என்பதால் உனக்கு மனப்பான்மை ஆல்ஃபா இன்னும் இறங்கலாம். இறங்கினால் இறங்கியதாகவே எழுது. ஒரு கேள்வியைத் தூக்கிவிட்டு எண்ணை ஏற்றாதே, தேர்வாளர் அங்கேதான் முதலில் கை வைப்பார்.

நடைமுறைப் பகுதி ஏன் தரையில்? கடந்த ஒரு வருடத்தில் கேள்வி வகுத்தாயா, ஆதாரம் தேடினாயா, அதைச் சீர்தூக்கிப் பார்த்தாயா, விளைவை மதிப்பிட்டாயா, சக ஊழியரிடம் பகிர்ந்தாயா என்று கேட்கிறது. பதிவு நர்ஸ், அவருக்குக் கீழ்நிலையிலுள்ள என்ரோல்ட் நர்ஸ், ஆக்ஸிலரி (உதவி நர்ஸ்) மூவரையும் ஒரே குவியலில் போட்டிருந்தால், தேடுவது வேலை விவரத்திலேயே இல்லாதவர்களும் சேர்ந்து சராசரியை இழுத்துவிடுவார்கள். வகை வாரியாகப் பிரி. அதோடு 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்பதை ஆங்கிலத்தில் படிக்கும்போது பலர் 'குறை சொல்வது' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னால் எது புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

எண்ணிக்கை: யமானே சூத்திரப்படி 320 ÷ (1 + 320 × 0.0025) = 178. 0.0025 என்பது 5 சதவீதப் பிழையின் வர்க்கம். பத்துக்கு ஏழு தாள் திரும்பும் என்று வைத்தால் 255 பேரிடம் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்குப் போனபின் எதற்குக் குலுக்கல்? 320 பேருக்கும் கொடுத்துவிடு.

தடைகள் தாளைப் பொறுத்தவரை, என் அபிப்பிராயம் வேண்டாம் என்பது. 1991இல் ஃபங்க் குழு உருவாக்கியது, 29 வரிகள். நர்ஸ், நிறுவனம், ஆராய்ச்சியின் தன்மை, அது வந்துசேரும் விதம் என்று நாலு கூறு. 2010இல் காயெர்மோ குழு 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஊர் எதுவானாலும் மேலே வருவது ஏறக்குறைய அதே பட்டியல்: நோயாளி பராமரிப்பு முறையை மாற்ற நர்ஸுக்கு அதிகாரம் இல்லை, புதியதைச் செய்ய நேரமில்லை, படிக்க நேரமில்லை, புள்ளியியல் புரியவில்லை. இந்தத் தாளை வைத்து இன்னொரு விவரிப்பு ஆய்வு தேவையில்லை என்றே அவர்கள் முடித்தார்கள். நீ அறுபத்து நாலாவதாகப் போய் நிற்க வேண்டுமா?

அப்படியும் வழிகாட்டி விடமாட்டார் என்றால் ஒரு கண்ணி இருக்கிறது, பார்த்துக்கொள். 1 முதல் 4 வரைதான் அளவு. 'கருத்தில்லை' என்பதற்கு 5 என்று குறியீடு. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் அதை விடுபட்ட மதிப்பாகக் குறிக்காவிட்டால், கருத்தே இல்லாதவர் மிகப் பெரிய தடையைச் சொன்னவராகிவிடுவார்.

அதற்குப் பதில் இரண்டு மூன்று நேரடி நடைமுறைக் கேள்வியைச் சேர். 'கடைசி ஷிஃப்டில் மூக்குக் குழாய் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ஊட்டல் குழாய்) இருக்குமிடத்தை எப்படிச் சோதித்தீர்கள்? அந்த முறையை ஏன் தேர்ந்தீர்கள்: வார்டு வழக்கம், டாக்டர் உத்தரவு, எழுதின விதிமுறை, பொருள் கிடைக்கவில்லை?' இந்த மாதிரி. மனப்பான்மைக்கும் கைக்கும் இடையில் என்ன நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இருபது_வருஷ_சிஸ்டர்:

எல்லாம் சரி, ஒன்றை எல்லாரும் மறக்கிறீர்கள். ஆதாரம் சார்ந்த பணி வேறு, ஆராய்ச்சி மீதான எண்ணம் வேறு. வருஷா வருஷம் மாணவர்கள் தாளைக் கொண்டுவருகிறார்கள், டீ நேரத்தில் நிரப்பித் தருகிறோம். முடிவு என்ன ஆனது என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்வதில்லை. பட்டம் அவர்களுக்கு, பேனா மை எங்களுக்கு. ஆராய்ச்சி என்றாலே நர்ஸ்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதுவதற்கு முன் இதையும் ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: 'நீங்கள் பங்கெடுத்த எந்த ஆய்வின் முடிவாவது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா?'

இன்னொன்று. 'ஆதாரம்' என்றதும் அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று மூத்தவர்கள் காதில் விழுகிறது. அதையும் கவனியுங்கள்.

வார்டு_வாத்தியார்:

சிஸ்டர் அக்கா சொன்ன கடைசி வரிக்குப் பதில் 1996லேயே இருக்கிறது. டாக்டர் சாக்கெட்டும் கூட்டாளிகளும் கொடுத்த விளக்கத்தில் சிறந்த ஆராய்ச்சி ஆதாரம், பணி செய்பவரின் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர்ந்ததுதான் ஆதாரம் சார்ந்த பணி. வகுப்பு எடுக்கும்போது முதலாவதை மட்டும் பேசிவிட்டு வந்தால் மூத்த சிஸ்டர்கள் எழுந்துபோவதில் ஆச்சரியமில்லை.

மெரூன், நீ கேட்ட வார்டு மாற்றத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன மூக்குக் குழாயே நல்ல பொருள். குழாயில் காற்றை அடித்து, வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்து 'குபுக்' சத்தம் கேட்பது இன்றும் பல வார்டுகளில் நடக்கிறது. குழாய் நுரையீரலிலோ உணவுக்குழாயிலோ இருந்தாலும் அந்தச் சத்தம் மேல்வயிற்றில் கேட்கக்கூடும். அதனால்தான் பிரிட்டனின் நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2005இலேயே அதை நிறுத்தச் சொன்னது. நீல லிட்மஸும் போதாது: அமிலமா இல்லையா என்று மட்டும் காட்டும், இரைப்பை அமிலத்தையும் மூச்சுக்குழாய்ச் சுரப்பின் லேசான அமிலத்தையும் பிரித்துக் காட்டாது. 0.5 இடைவெளியில் நிறம் மாறும் பிஹெச் பட்டை வேண்டும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). உறிஞ்சிய திரவத்தில் 1 முதல் 5.5 வரை வந்தால் ஊட்டலாம். அதற்கு மேல் வந்தால் ஊட்டக் கூடாது.

நடுவில் என்ன கெடும்? திரவமே வராது. நோயாளியை இடப்பக்கம் திருப்பி, பெரிய சிரிஞ்சால் 10 முதல் 20 மில்லி காற்றைச் செலுத்தி, 15 முதல் 30 நிமிடம் விட்டு மறுபடி உறிஞ்ச வேண்டும். இந்தக் காற்று குழாயின் முனையைச் சுவரிலிருந்து விலக்குவதற்கு, சத்தம் கேட்பதற்கு அல்ல. இதை இரண்டு தரம் சொல்லிக்கொடுக்காவிட்டால் பழைய முறை இந்த வாசலிலேயே உள்ளே வந்துவிடும். சிறிய சிரிஞ்சால் வலுவாக இழுத்தால் மெல்லிய குழாய் ஒட்டிக்கொள்ளும். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு பிஹெச் உயரும், இப்போதுதான் பால் ஊட்டியிருந்தாலும் உயரும். அப்படியானால் காத்திருந்து மறுபடி பார், சந்தேகம் நீடித்தால் எக்ஸ்ரே.

இவ்வளவும் ஒரு மணி நேர வகுப்பில் நர்ஸ்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் பட்டை வார்டு ஸ்டோர் பட்டியலில் இல்லை என்றால் மறுநாள் காலை காற்றுதான் அடிப்பார்கள். மனப்பான்மை ஏழுக்கு ஏழு, கை பழைய இடத்தில். உன் கேள்வித்தாள் காட்டிய பள்ளம் எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது.

அதனால் வரிசை இப்படிப் போகட்டும்: முதலில் ஸ்டோரில் பட்டை, பிறகு ஊட்டல் சார்ட்டில் 'பிஹெச்' என்று ஒரு கட்டம், அதன்பின் வகுப்பு. வகுப்பை முதலில் வைத்தால் ஒரு மாதத்தில் ஆவியாகிவிடும். ஒவ்வொரு வாரமும் 20 ஊட்டல் பதிவுகளை எடுத்து, எத்தனையில் எண் எழுதியிருக்கிறது என்று மட்டும் எண்ணு. தலையீட்டுக்கு முன் எட்டு வாரம், பின் எட்டு வாரம், ஒரே கோட்டு வரைபடத்தில். 'எழுதியது' வேறு, 'செய்தது' வேறு என்பதால் வாரம் ஒன்றிரண்டு நேரில் பார்த்தும் ஒப்பிடு. வார்டில் நாலு குழாய்தான் இருந்தால் இருபது பதிவும் அதே நாலு நோயாளியுடையதாகிவிடும், அதையும் எழுத வேண்டும்.

வார்டு மாற்றத்துக்குப் பலர் கேனுலாவை, அதாவது கையில் மருந்து ஏற்றும் சிறு குழாயை, எடுப்பார்கள். நான் தயங்குவேன். ரிக்கார்டும் குழுவும் 2012இல் லான்செட்டில் வெளியிட்ட சோதனையில் 3283 நோயாளிகள். மூன்றாம் நாள் வழக்கமாக மாற்றியவர்களுக்கும், தேவைப்படும்போது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரையழற்சி (ஊசி போட்ட ரத்தக்குழாயின் அழற்சி) 7 சதவீதம்தான், வித்தியாசமில்லை. ஆனால் அது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து. 'தேவைப்படும்போது' என்பதற்கு உயிர் கொடுப்பது ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊசி இடத்தைத் திறந்து பார்ப்பது. ஊசி இடத்தைப் பார்த்துச் சிரையழற்சிக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் விஐபி அளவில் 2 வந்ததும், அதாவது வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு தெரிந்ததும், கழற்றுவது. ஆளில்லாத இரவில் அந்தப் பார்வை நடக்காது. பார்வை இல்லாமல் 72 மணி விதியை மட்டும் எடுத்துவிட்டால் நோயாளிக்குத்தான் கேடு. எழுதின மருத்துவமனை விதி இன்னும் 72 மணி என்றே இருந்தால், ஆதாரப்படி நடந்த நர்ஸுக்கு ஆடிட்டில் கறுப்புப் புள்ளி விழும். முதலில் விதியை மாற்று, பிறகு நர்ஸைக் கேள்.

அதிகாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. எச்.ஐ.வி. மருந்தை நர்ஸே தொடங்கலாமா என்று ஒரு காலத்தில் எவ்வளவு சண்டை! 2010இல் வந்த 812 பேர் சோதனையில் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் கிளினிக்குகளில் நர்ஸ் கண்காணிப்பு டாக்டர் கண்காணிப்புக்குத் தாழ்வாக இல்லை. ஃப்ரீ ஸ்டேட்டில் 31 கிளினிக்குகளில் நடந்த ஸ்ட்ரெட்ச் சோதனை 2012இல் வந்தது. அதிலும் நர்ஸ் தொடங்கியதால் மரணம் கூடவில்லை. நிமார்ட், அதாவது நர்ஸே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கிக் கவனிக்கும் முறை, கொள்கையாகி, பயிற்சியும் கையெழுத்து உரிமையும் மருந்தும் ஒன்றாக வந்ததும் கிளினிக் சிஸ்டர்கள் செய்துகாட்டினார்கள். அவர்களுடைய மனப்பான்மையை யாரும் முதலில் அளந்து திருத்தவில்லை.

மெரூன்_பட்டை:

எண்ணும் அண்ணா, வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. தடைகள் தாளை விட்டுவிடுகிறேன். சிஸ்டர் அக்கா கேட்ட கேள்வியையும் சேர்த்துவிட்டேன். அனுமதி பற்றி யாராவது? மேலும் வார்டில் படிக்கும் வட்டம் தொடங்கினால் கட்டுரைக்குக் காசு கட்ட வேண்டுமே?

மரிட்ஸ்பர்க்_கோப்பு:

அனுமதியில் பெரும்பாலும் மாதங்கள் போவது வரிசை தெரியாமல்தான். 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி, தேசிய ஆராய்ச்சி நெறிமுறைக் கவுன்சிலில் பதிவான குழுவிடம்தான் நெறிமுறை அனுமதி வாங்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகக் குழு பதிவானதுதானா என்று முதலில் கேளுங்கள். விண்ணப்பம் அங்கே ஓடும்போதே மருத்துவமனைத் தலைமை அதிகாரியிடம் ஆதரவுக் கடிதத்துக்கு எழுதுங்கள். நர்ஸிங் மேனேஜருக்கும் நகல் போகட்டும். பிறகு தேசிய சுகாதார ஆராய்ச்சித் தரவுத்தளத்தில் கணக்குத் தொடங்கி முன்மொழிவு, நெறிமுறைக் கடிதம், மருத்துவமனைக் கடிதம் எல்லாவற்றையும் ஏற்றினால் மாகாணத் துறை பார்க்கும். நெறிமுறைக் குழு முதலில் தற்காலிக அனுமதிதான் தரும் என்றால், மாகாணக் கடிதத்தைத் திரும்ப அங்கே கொடுத்து முழு அனுமதி வாங்கிய பிறகே ஒரு தாளாவது கைமாற வேண்டும். மூன்று இடத்திலும் தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'நர்ஸ்கள்', இன்னொன்றில் 'பதிவு நர்ஸ்கள்' என்றிருந்தால் கோப்பு திரும்பி வரும்.

உங்கள் முன்னோட்டத் தாள்களும் எதிலும் சேரக்கூடாது, அவை அனுமதிக்கு முன் வாங்கியவை என்றால்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுவதுமாக அமலில் இருக்கிறது. பெயர், பெர்சல் எண் (அரசுச் சம்பளப் பட்டியல் எண்), நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் எதுவும் தாளில் வேண்டாம். பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரியும்: 'ஐ.சி.யூ., ஆண், 26 வருட அனுபவம்' என்றால் மருத்துவமனை முழுக்க ஒரே ஒருவர்தானே. வயதையும் அனுபவத்தையும் 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று கேளுங்கள், ஐந்து பேருக்குக் குறைந்த வார்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்.

தாளை மேலதிகாரி கையால் கொடுக்கவே வேண்டாம். காலை ஏழு மணி ஹேண்ட்ஓவரில் (ஷிஃப்ட் மாறும் நேரம்) கொடுத்தால் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 6 போட்டுத் தருவார்கள். பூட்டிய பெட்டியை டீ அறையில் வைத்து, உறையோடு கொடுங்கள். இரவு ஷிஃப்டை மறந்தால் ஒருவித நர்ஸ்களே விடுபட்டுப் போவார்கள்; பெட்டி குறைந்தது ஒரு முழு ஷிஃப்ட் சுழற்சி அங்கே இருக்கட்டும்.

வார்டு_வாத்தியார்:

படிக்கும் வட்டத்துக்குக் காசு வேண்டாம். நம் நர்ஸ் சங்கமான டெனோசாவின் 'க்யுரேஷனிஸ்' இதழ் 1978 முதல் வருகிறது, இப்போது இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 'ஹெல்த் எஸ்.ஏ. கெசொன்ட்ஹெய்ட்' இதழும் அப்படித்தான். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் ஆய்வுகளின் எளிய சுருக்கங்கள் பல தமிழிலும் கிடைக்கின்றன, நம் பெரியவர்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்லவும் உதவும். ஆரம்ப சுகாதார நிலையச் சிகிச்சை வழிகாட்டி தேசியத் துறையின் இலவச ஆப்பில் இருக்கிறது. அது வார்டில் எல்லார் போனிலும் இருக்கட்டும்.

வட்டம் மாதம் ஒன்று, அரை மணிக்கு மேல் வேண்டாம். கட்டுரையிலிருந்து தொடங்கினால் இரண்டாம் மாதம் ஆள் வராது. வார்டில் அந்த வாரம் கிளம்பிய ஒரு கேள்வியிலிருந்து தொடங்கு: யார் நோயாளி, எதைச் செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவு. நாலையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் தேடவும் முடியாது. புள்ளியியல் பக்கத்தில் தடுமாறாமல், எத்தனை பேர், எப்படிப் பிரித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், நம் வார்டு நோயாளி அவர்களைப் போல இருக்கிறாரா என்று மட்டும் கேட்டால் போதும்.

இருபது_வருஷ_சிஸ்டர்:

முடிவு வந்ததும் ஒரே ஏ4 பக்கம், பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி டீ அறைச் சுவரில் ஒட்டு தங்கச்சி. எந்த வார்டு எவ்வளவு என்று போடாதே, சண்டை வரும். ஸ்டோர் பொறுப்பாளருக்கு ஒரு நகல் தனியாகக் கொடு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டை வரும்.